இரண்டு அங்குல ஒளிநாடாவும் ஒரே ஒரு ஹெட் சக்கரமும்: ஆம்பெக்ஸ் விஆர்-1200 மீட்டெடுப்பு

#1 | விரிகுடாவாசி

அனைவருக்கும் வணக்கம். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறேன். சென்ற மாதம், மூடப்பட்ட ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கைக் காலி செய்தபோது, ஆம்பெக்ஸ் விஆர்-1200 ஒளிநாடா இயந்திரம் ஒன்றும் இரண்டு அங்குல நாடாச் சுருள்கள் பதினேழும் எனக்குக் கிடைத்தன. இவ்வகை இயந்திரம் பிறந்த ரெட்வுட் நகரம் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் இதைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

சுருள்களின் மீது 1969 முதல் 1974 வரையிலான ஆண்டுகள் எழுதப்பட்டுள்ளன. நகரமன்றக் கூட்டங்கள், பள்ளி இசை நிகழ்ச்சிகள், சில நேர்காணல்கள். வேறெங்கும் இவற்றுக்குப் படி இருப்பதாகத் தெரியவில்லை. இயந்திரத்துடன் வந்தது ஒரே ஒரு ஹெட் தொகுதி (ஹெட் என்பது நாடாவில் படத்தை எழுதவும் படிக்கவும் செய்யும் காந்த முனை). அது காற்றுத் தாங்கி வகை. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் குறிக்கும் அட்டை தொலைந்துவிட்டது. மின்னணுவியலில் எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆனால் குவாட் எனப்படும் இந்த நான்கு ஹெட் வகை இயந்திரம் ஒன்றை ஓடும் நிலையில் இதுவரை நேரில் கண்டதில்லை. எந்த வரிசையில் மின்சாரம் கொடுப்பது, எதை முதலில் மாற்றுவது, பெயர்ச்சீட்டுக் கிழிந்த சுருள் ஒன்றை வைத்து இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கலாமா என்பவை என் கேள்விகள்.

#2 | காற்றுத்தாங்கி

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினேழில் எதையும் இப்போதைக்கு இயந்திரத்தில் மாட்ட வேண்டாம். பெயர்ச்சீட்டுக் கிழிந்ததையும் கூடாது. பெயர் தெரியாத நாடா என்பதால் அதில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

நான் 1973 முதல் பதினோர் ஆண்டுகள், படத்தை 625 வரிகளாகப் பிரிக்கும் முறையில் இயங்கிய ஒரு நிலையத்தின் ஒளிநாடா அறையில் பணியாற்றியவன். என் கைக்கு வந்த முதல் பாடம் ஹெட்டைப் பற்றியதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவும் அதைச் சார்ந்தே இருக்கும். நாடா நொடிக்கு 15 அங்குலம் நகர்கிறது. அதற்குக் குறுக்கே, இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள ஒரு சக்கரம் உங்கள் 525 வரி முறையில் நிமிடத்துக்கு 14,400 சுற்றுகள் சுழல்கிறது. எங்கள் 625 வரி முறையில் அது 15,000. சக்கரத்தின் விளிம்பில் 90 பாகை இடைவெளியில் நான்கு ஹெட்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நாடாவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பாய்ந்து, படத்தின் பதினாறு அல்லது பதினேழு வரிகளை மட்டும் ஒரு தடமாக எழுதுகிறது. ஹெட் நாடாவை உரசும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். காந்தப் பூச்சும் ஒரு வகை உப்புத்தாள்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த வேகத்தில் ஹெட் முனைகள் எப்படித் தேயும் என்பதை ஊகிக்கலாம். முதல் தலைமுறை ஹெட்கள் நூறு மணி நேரம் தாங்கினாலே பெரிது. பிற்காலத்தவை சில நூறு மணி நேரம் தாங்கின. இன்று அந்த முனைகளைப் புதுப்பித்துத் தருவோர் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

ஆகவே உங்களிடம் உள்ள ஹெட் தொகுதியை ஒரு கருவி என்று எண்ணாமல், இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுக்கப்பட்ட ஒரு கையிருப்பு என்று எண்ணுங்கள். பதினேழு சுருள்களும் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால், சரிபார்ப்பும் தடங்கல்களும் சேர்த்து முப்பது மணி நேரமாவது தேவைப்படும். அவ்வளவு மீதி இருக்கிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு நிமிடம்கூட அதைச் செலவிடக் கூடாது.

வரிசை இதுதான். முதலில் ஹெட் தொகுதியைக் கழற்றித் தூசு புகாத பெட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு மின்சுற்று அட்டைகள் அனைத்தையும் அவற்றின் இணைப்பிலிருந்து இழுத்து விடுவியுங்கள். மின்வழங்கிகளை மட்டும் தனியே, அட்டைகளுக்குப் பதிலாக மின்சாரத்தை ஏற்கும் போலிச் சுமை ஒன்றை இணைத்து, மெல்ல மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றிச் சோதியுங்கள். பல ஆண்டு உறங்கிய மின்பகு மின்தேக்கிகளில் உள்ளிருக்கும் ஆக்சைடுப் படலம் மெலிந்திருக்கும். திடீரென முழு மின்னழுத்தம் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் மிகுந்து அவை சூடேறி வெடிக்கும். மெதுவாக ஏற்றினால் படலம் மீண்டும் உருவாக வாய்ப்புண்டு. ஆயினும் பெரிய வடிகட்டி மின்தேக்கிகளை மாற்றிவிடுவதே என் விருப்பம். ஒவ்வொரு வழங்கியிலும் மின்னழுத்தமும் அலையெச்சமும் சரியாக இருப்பதை ஸ்கோப்பில் (அலைகாட்டியில்) உறுதிசெய்த பிறகே அட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காற்றுத் தாங்கி ஹெட்டின் அச்சு அழுத்தக் காற்றின் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. காற்று நின்றுபோன நிலையில் மோட்டார் சுழன்றால், அந்தச் சில நொடிகளில் தொகுதி பாழாகிவிடும். அழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு நிலைமாற்றி இயந்திரத்தில் இருக்கும். அது வேலை செய்கிறதா என்பதை ஹெட் இல்லாதபோதே சோதித்துவிடுங்கள். காற்று எண்ணெயும் ஈரமும் அற்றதாக இருக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களின் உட்புறம் பொடிந்து போயிருக்கும்; அந்தப் பொடி தாங்கியினுள் சென்றாலும் அதே விளைவுதான். குழாய் ஒன்றையும் விடாமல் மாற்றுங்கள்.

#3 | நாடாக்காப்பகம்

மேலே சொல்லப்பட்டதுடன் நாடாவின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். சென்னையில் ஒலி, ஒளி நாடாக்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கிறேன். இரண்டு அங்குல நாடா எங்களிடம் இல்லை, ஆனால் நாடா நோய்கள் எல்லா அகலத்துக்கும் பொதுவானவை.

காந்தத் துகள்களை அடிப்படலத்துடன் பிணைக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைவதே முதன்மையான நோய். அப்படிப்பட்ட நாடா பிசுபிசுத்து, ஹெட்டிலும் வழிகாட்டியிலும் பழுப்பு நிறக் கசடாகப் படியும். 1970களின் நடுவிலிருந்து 1980கள் வரை வந்த, முதுகுப்புறத்தில் கரிப்பூச்சுக் கொண்ட நாடாக்களில் இது மிகுதி. உங்களுடையவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை என்பதால் தப்பித்திருக்கலாம். ஆனால் பெட்டியும் சுருளும் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது எல்லாக் கிடங்குகளிலும் நடப்பதுதான். ஒவ்வொரு சுருளிலும் முதல் சில சுற்றுகளைக் கையால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். ஒரு சுற்று அடுத்த சுற்றிலிருந்து ஒட்டி விடுபடும் ஓசை எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிசுபிசுத்த நாடாவை 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் நீண்ட நேரம் சீராகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும்; இம்முறைக்கு ஆம்பெக்ஸ் நிறுவனமே 1990களில் காப்புரிமை பெற்றது. சமையலறை அடுப்பில் இதைச் செய்யக் கூடாது. வெப்பநிலை ஓரிரு பாகைக்குள் நிலைநிற்கும் ஆய்வகச் சூடேற்றி வேண்டும். நோயில்லாத நாடாவைச் சூடாக்குவதும் தவறு.

வெண்மையான தூள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அந்தச் சுருளைத் தனியே உறையிட்டுப் பிரித்து வையுங்கள், முகக்கவசம் இன்றித் தொடாதீர்கள். ஒரு மணி நேரச் சுருளில் 4,500 அடி நாடா இருக்கும். அது ஐம்பது ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்திருந்தால் உட்சுற்றுகள் தளர்ந்து, பக்கவாட்டில் பார்க்கும்போது இடைவெளிகள் தெரியும். வேகமாகச் சுற்றினால் அந்த இடங்களில் நாடா மடியும். குறைந்த இழுவிசையில் மெல்ல ஒரு முறை சுற்றி, ஒரு நாள் ஓய்வு கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று தோன்றலாம். இரண்டு அங்குல நாடா விலை மிகுந்தது. அழித்து அழித்து மீண்டும் பதிய முடிந்தது. ஆகவே உலகெங்கும் நிலையங்கள் அப்படியே செய்தன; பிபிசி 1960களிலும் 1970களிலும் அழித்த நிகழ்ச்சிகளின் கதை பலருக்கும் தெரியும். அமெரிக்காவில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வண்ண ஒளிநாடா, 1958 மே 22 அன்று வாஷிங்டனில் என்பிசி நிலையத்தின் புதிய கட்டடத்தை அதிபர் ஐசனாவர் திறந்துவைத்த நிகழ்ச்சிதான். நாட்டின் அதிபர் பேசினார், அது தப்பியது. ஒரு சிறு நகரத்தின் மன்றக் கூட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு எப்போதும் கிடைத்ததில்லை. உங்கள் பதினேழும் அழிக்கப்படாமல் எஞ்சியிருப்பதே பெரும் பேறு.

#4 | அலைபிடி

வணக்கம். நான் மென்பொருள் பக்கத்திலிருந்து வருகிறேன். ஹெட் மணி நேரம்தான் அரிய பொருள் என்றால், ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் பெறக்கூடிய அனைத்தையும் பெற்றுவிடுவதே அறிவுடைமை. படத்தை இயந்திரத்தின் வெளியீட்டில் எடுக்காமல், ஹெட்டின் முன்பெருக்கியிலிருந்து வரும் எஃப்எம் அலையை அப்படியே எண்ணிலக்கமாக்கிச் சேமித்துவிடலாம். லேசர் டிஸ்க்குக்காக எழுதப்பட்ட எல்டி-டீகோட் என்ற திறந்தமூல மென்பொருளும், அதிலிருந்து கிளைத்த விஎச்எஸ்-டீகோட்டும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. பண்பிறக்கம் (எஃப்எம் அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுத்தல்), காலப்பிழைத் திருத்தம், வண்ணம் பிரித்தல் எல்லாவற்றையும் பின்னர் கணினியில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஹெட் ஒரு முறைதான் தேயும்.

குவாட்டின் அதிர்வெண்களும் இதற்கு எட்டாதவை அல்ல. 525 வரி உயர்பட்டை முறையில் சிங்க் (வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு) முனை 7.06 மெகாஹெர்ட்ஸ், உச்ச வெண்மை 10 மெகாஹெர்ட்ஸ். பழைய தாழ்பட்டைக் கருப்பு வெள்ளை முறையில் அவை முறையே 4.28, 6.8. நொடிக்கு நான்கு கோடி மாதிரிகள், மாதிரிக்கு எட்டு பிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 144 ஜிகாபைட். நான்கு ஹெட்களையும் தனித்தனித் தடத்தில் பிடித்தால் 576 ஜிகாபைட். இன்றைய வட்டு விலையில் இது ஒரு தடையே அல்ல. தனித்தனியாகப் பிடிப்பதில் இன்னொரு பயனும் உண்டு: ஒவ்வொரு தடத்தின் முடிவும் அடுத்த தடத்தின் தொடக்கமும் ஓரிரு வரி அளவுக்கு ஒரே படத்தைத் தாங்கி நிற்கின்றன. இயந்திரத்தின் மின்னணு மாற்றி அந்த மிகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. நாம் அதை வைத்துக்கொள்ளலாம்.

#5 | காற்றுத்தாங்கி

அலைபிடி அவர்களின் வழியில் எனக்கு ஐயம் உண்டு; அதை மறைக்காமல் சொல்கிறேன். குவாட் இயந்திரத்தை ஓட்டுவது என்பது விசையை அழுத்துவது அல்ல. நாடாவை வில்போல வளைத்துப் பிடிக்கும் வெற்றிட வழிகாட்டி ஒன்று ஹெட் சக்கரத்துக்கு எதிரே நிற்கிறது. அது சக்கரத்தை நோக்கி எவ்வளவு நெருங்கி இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஹெட் முனை நாடாவுக்குள் எவ்வளவு அழுந்தும் என்பது அமைகிறது. பதிவின்போது இருந்த அழுத்தமும் இப்போதைய அழுத்தமும் வேறுபட்டால், நேராக நிற்க வேண்டிய கம்பம் பதினாறு வரிக்கு ஒரு முறை சாய்ந்து சாய்ந்து, அரம்போலப் பல்காட்டும். வழிகாட்டியின் உயரம் தவறினால் அதே கம்பம் பிறைகளை அடுக்கியதுபோல வளையும். நான்கு ஹெட்களின் 90 பாகை துல்லியமாக இல்லாவிட்டால் பட்டைகள் பக்கவாட்டில் விலகும். ஒரு மைக்ரோநொடியில் பத்தில் ஒரு பங்குப் பிழை என்பது சக்கரத்தின் விளிம்பில் வெறும் நான்கு மைக்ரான். திரையில் அது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு ஹெட்டின் அதிர்வெண் சமன்பாடும் தனியே சரிசெய்யப்படாவிட்டால் வண்ணம் பட்டை பட்டையாக மாறும். இவற்றை எல்லாம் நாடாவின் தொடக்கத்தில் உள்ள வண்ணப்பட்டையைப் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் சரிசெய்யும் கைப்பழக்கம்தான் எங்கள் தொழில். காலை ஆறு மணிப் பணியில் நுழையும்போதே, சக்கரத்தின் ஓசையைக் கேட்டு, எந்த இயந்திரம் இன்று தொல்லை தரும் என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். நான்கு ஹெட்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 250 முறை நாடாவை அடிப்பதால் எழும் ஆயிரம் ஹெர்ட்ஸ் ரீங்காரம் அது. உங்கள் முறையில் 960. அந்தச் சுருதியில் ஒரு கரகரப்புச் சேர்ந்தால் அவர் முகம் மாறிவிடும். இதை மென்பொருள் எப்படிச் செய்யும்?

#6 | அலைபிடி

ஐயா, தாங்கள் எழுதியதை மிகுந்த மதிப்புடன் இரண்டு முறை படித்தேன். தாங்கள் குறிப்பிட்ட சாய்வு, பிறைவளைவு, பக்கவாட்டு விலகல் ஆகிய மூன்றும் காலப்பிழைகள். அலை முழுமையாகப் பிடிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் சிங்க் துடிப்பிலிருந்து அளந்து, வரியை அதன் இடத்தில் வைத்துவிட முடியும். பிழை வரிக்கு வரி எப்படி வளர்கிறது என்பதைக் கொண்டு வரிக்குள்ளேயே எழும் பிழையையும் ஈடுசெய்யலாம். பட்டை பட்டையான வண்ணமும், ஹெட்கள் தனித்தனியே பிடிக்கப்பட்டிருந்தால், பின்னர் சமன்செய்யக்கூடியதே. மென்பொருளால் முடியாதவை இரண்டு: ஹெட் தடத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஓடியது, ஹெட் நாடாவைச் சரியாகத் தொடாதது. அங்கே அலையே பலவீனமாகிவிடும்.

#7 | காற்றுத்தாங்கி

ஒப்புக்கொள்கிறேன். சாய்வையும் வளைவையும் பார்த்துக் குமிழ்களைத் திருப்பிய அந்த நிமிடங்களில் ஹெட்டும் தேய்ந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் அன்று கணக்கிடவில்லை. எங்களுக்கு மாற்றுச் சக்கரங்கள் இருந்தன. அப்படியானால் விரிகுடாவாசி செய்ய வேண்டிய கைவேலை குறைகிறது, ஆனால் கூர்மையாகிறது: நல்ல தொடுகை, நடுத்தடத்தில் ஓட்டம். இரண்டையும் வேறொரு நாடாவில் பழகிக்கொண்டு பிறகு வாருங்கள். இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கென்றே பதிவான அளவுத்திட்ட நாடா ஒன்று கிடைத்தால், வழிகாட்டியின் நிலையை முதலில் அதைக்கொண்டு அமைத்துவிடுங்கள்.

#8 | ஒற்றையங்குலம்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். நான் வைத்திருப்பவை ஒரு அங்குல இயந்திரங்கள்: சி வகையில் சோனி பிவிஎச்-2000, பி வகையில் பாஷ் பிசிஎன். இரண்டு செய்திகள் மட்டும்.

இந்த இழையைப் படித்துவிட்டு இத்துறைக்குள் வர விரும்புவோர் இருந்தால், குவாட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆம்பெக்சும் சோனியும் 1970களின் இறுதியில் பொதுவாக ஏற்றுக்கொண்ட சி வகையில், ஒரு ஹெட் ஒரே சுற்றில் ஒரு முழு ஃபீல்டையும் (படச்சட்டகத்தின் பாதி) எழுதிவிடுகிறது. பதினாறு வரிப் பட்டைகள் என்ற சிக்கலே எழாது, அழுத்தக் காற்றுத் தாங்கியும் வேண்டியதில்லை. அங்கும் ஹெட்களைத் தாங்கும் மேல் டிரம் தேய்ந்தால் அதற்கு மாற்று அரிது என்பது உண்மைதான். நுண்செயலி கொண்ட அந்த இயந்திரங்களில் இன்னோர் ஆபத்து: நினைவகத்துக்கான நிக்கல் காட்மியம் மின்கலம் கசிந்து அட்டையின் செப்புத் தடங்களை அரித்துவிடும். இயந்திரத்தை வாங்கிய அன்றே அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். நிரல் பதிந்த ஈப்ரோம் சில்லுகளின் உள்ளடக்கத்தையும் அன்றே படியெடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்க இயந்திரத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்ல நினைப்பவர்களுக்கு. நண்பர் ஒருவர் அவ்வாறு ஒரு குவாட் இயந்திரத்தை இங்கே வரவழைத்தபோது உடனிருந்து உதவினேன். மின்மாற்றி வைத்து 230 வோல்ட்டை 115 ஆக்கினோம். அலைவெண் 50 ஹெர்ட்ஸாகவே இருந்தது. ஹெட் மோட்டார் தனிப் பெருக்கியால் இயக்கப்படுவதால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் காற்றூதியும் காற்றழுத்தியும் நேரடியாக மின்னிணைப்பில் ஓடும் தூண்டல் மோட்டார்கள். 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த இரும்புள்ளகம் 50 ஹெர்ட்ஸில் செறிவடைந்து, ஒரு மணி நேரத்தில் தொடமுடியாத அளவு சூடேறியது. மெதுவாகச் சுழன்றதால் குளிர்ச்சியும் குறைந்தது. அலைவெண் மாற்றி வாங்கிய பிறகே சிக்கல் தீர்ந்தது. சென்னையிலோ கொழும்பிலோ யாரேனும் இம்முயற்சியில் இறங்கினால் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

#9 | விரிகுடாவாசி

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். தாங்கள் அனைவரும் சொன்னவற்றை வரிசை மாறாமல் செய்தேன்.

மின்வழங்கிகளில் வடிகட்டி மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றினேன். ஒன்றில் ஒழுங்குபடுத்தும் டிரான்சிஸ்டர் உள்ளே குறுக்குச்சுற்றாகிப் போயிருந்தது. அட்டைகளைப் பிரித்து வைக்காமல் மின்சாரம் கொடுத்திருந்தால் அந்த வழியில் இருந்த எல்லா அட்டைகளும் போயிருக்கும். காற்றூதியின் வடிகட்டியிலிருந்த நுரைப்பஞ்சு கையில் எடுத்ததும் கரும்பொடியாக உதிர்ந்தது. அதைத் துடைத்தெடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் தார்போலக் குழைந்திருந்ததால், உருளையைப் புதிய ரப்பர் வார்த்துத் தருவோரிடம் அனுப்பிப் பெற்றேன். அட்டைகளின் விளிம்பு இணைப்புகளைத் துடைத்த பிறகு, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பாதிக் கோளாறுகள் தாமாகவே மறைந்தன. அழுத்தக் காற்றுக்கு எண்ணெய் இல்லாத புதிய காற்றழுத்தியும் ஈரம் நீக்கியும் வாங்கினேன். பாதுகாப்பு நிலைமாற்றி வேலை செய்யவில்லை. காற்றுத்தாங்கி ஐயா அதை முதலிலேயே சோதிக்கச் சொல்லியிராவிட்டால் இன்று என்னிடம் ஹெட்டே இருந்திருக்காது. நன்றி என்ற சொல் போதாது.

கெட்டாலும் இழப்பில்லாத பழைய பணிநாடா ஒன்றை ஒரு சேகரிப்பாளரிடமிருந்து பெற்று, ஹெட் இல்லாமல் இழுவிசையையும் நிறுத்திகளையும் சரிசெய்தேன். பிறகு ஹெட்டைப் பொருத்தி அதே நாடாவை ஓட்டினேன். சக்கரம் வேகமெடுத்துச் சுருதியில் நிலைத்த அந்த ஓசையைக் கேட்டபோது என் மகளும் பட்டறைக்குள் வந்து நின்றுவிட்டாள்.

இனிச் சிக்கல். ஸ்கோப்பில் நான்கு ஹெட்களின் அலையையும் பார்த்தேன். மூன்று ஏறத்தாழச் சம உயரம். மூன்றாம் ஹெட் மட்டும் அவற்றில் பாதிக்கும் குறைவு. சக்கரத்தை நிறுத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்தும் மாறவில்லை. அடைப்பு அல்ல, தேய்மானம். படத்தில் நான்கில் ஒரு பட்டை மணல் தூவியதுபோல வருகிறது. புதுப்பித்துத் தருவோரிடம் கேட்டேன். வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள், செலவும் என் கைக்கு எட்டவில்லை. இதுவரை செலவழித்த ஹெட் நேரம் 41 நிமிடம்.

#10 | காற்றுத்தாங்கி

மூன்று நல்ல ஹெட்கள் இருக்கின்றன என்று பாருங்கள். குவாட்டில் ஹெட் முனையின் காந்த இடுக்கு சாய்ந்திருக்கும் கோணம் நான்கு ஹெட்களிலும் ஒன்றே. ஆகவே எந்த ஹெட் எழுதிய தடத்தையும் எந்த ஹெட்டாலும் படிக்க முடியும். கட்டுப்பாட்டுத் தடத்தில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, அதாவது நான்கு தடங்களுக்கு, ஓர் அலை பதிந்திருக்கிறது. டிராக்கிங்கை, அதாவது ஹெட் எந்தத் தடத்தின் மேல் விழும் என்பதை, கால் அலை நகர்த்தினால், முன்பு மூன்றாம் ஹெட் படித்த தடத்தை அதன் அண்டை ஹெட் படிக்கும். எங்கள் அறையில் அவசரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்து, எந்த ஹெட் பழுது என்று கண்டுபிடித்திருக்கிறோம். சக்கரத்தை நிலையச் சிங்க்குடன் பூட்டும் நிலையை விட்டு, தன் சுழற்சி வேகத்தை மட்டும் காக்கும் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் உங்களை மீறிப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குமிழை மெல்லத் திருப்பும்போது அலையின் அளவு ஒரு பள்ளத்தில் விழுந்து மீண்டும் உயரும். அந்த இரண்டாவது உச்சிதான் நீங்கள் தேடுவது.

#11 | அலைபிடி

இது மிக அருமையான வழி. முதல் ஓட்டத்தில் மூன்றாம் ஹெட் கெடுத்த பட்டைகள் எல்லாம் இரண்டாம் ஓட்டத்தில் நல்ல ஹெட்டின் கீழ் வரும். கெட்டுப்போகும் பட்டைகள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். இரண்டு ஓட்டங்களின் அலைக் கோப்புகளையும் ஒரு ஃபீல்டுக்கு ஒன்று என்று இணைத்து, மூன்றாம் ஹெட் படித்த ஒவ்வொரு பட்டையையும் மற்ற ஓட்டத்திலிருந்து எடுத்து நிரப்பினால் முழுப் படமும் மூன்று நல்ல ஹெட்களால் படித்ததாகிவிடும். ஹெட்கள் தனித்தனித் தடத்தில் பிடிக்கப்பட்டிருந்தால் எந்தப் பட்டை யாருடையது என்று ஊகிக்கக்கூடத் தேவையில்லை.

#12 | நாடாக்காப்பகம்

முன்னுதாரணமும் உண்டு. 1958இல் என்பிசி ஒளிபரப்பிய ஃப்ரெட் அஸ்டேரின் நடன நிகழ்ச்சியின் வண்ண நாடாவை 1988இல் மீட்டவர்கள், நாடா சிதைந்திருந்த இடங்களைத் திரையிலிருந்து எடுக்கப்பட்ட கினஸ்கோப் படச்சுருளால் நிரப்பினார்கள். அப்பணிக்கு எம்மி விருதும் கிடைத்தது. எந்தச் சட்டகம் எதிலிருந்து வந்தது என்பதை ஒரு தனிக் கோப்பில் குறித்து வையுங்கள். இரண்டு மூல அலைக் கோப்புகளையும் அழிக்காதீர்கள்; இணைத்த படத்தை மட்டும் வைத்திருப்பது போதாது.

ஓட்டம் இரட்டிப்பாவதால் ஹெட் செலவும் இரட்டிப்பாகும். எந்தச் சுருள் முதலில் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

#13 | விரிகுடாவாசி

முதல் சுருள் முடிந்தது. 1971ஆம் ஆண்டின் நகரமன்றக் கூட்டம், 52 நிமிடம். இரண்டாவது உச்சியைக் கண்டுபிடிக்கப் பணிநாடாவில் ஆறு நிமிடம் பழகிக்கொண்டேன்; கூட்டத்தின் நாடாவில் முதல் முயற்சியிலேயே கிடைத்தது. இரண்டு ஓட்டங்களையும் அலைபிடி அவர்கள் எழுதித் தந்த நிரலால் இணைத்தபோது மணல் பட்டைகள் மறைந்தன. நாடா மடிந்திருந்த இரண்டு இடங்களில் மட்டும் கீறல் நிற்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். வழிகாட்டியை அளவுத்திட்ட நாடாவால் அமைத்தும் பிறைவளைவு சிறிது இருந்தது. அதைக் கணினியே திருத்தியது. மன்றத்தில் புதிய நூலகக் கட்டடத்துக்காக ஒரு பெண்மணி எழுந்து பேசுகிறார். அவர் அணிந்திருக்கும் கழுத்துத் துண்டின் கோடுகள்கூட எண்ணும்படி தெரிகின்றன. கோப்பின் ஒரு படியை அந்த நகர நூலகத்துக்கு அளித்துவிட்டேன்.

நாடாக்காப்பகம் அவர்கள் கேட்ட வரிசையையும் முடிவு செய்துவிட்டேன். மீதியுள்ளவற்றில் நேர்காணல்கள் நான்கும் முதலில், பிறகு மன்றக் கூட்டங்கள், இசை நிகழ்ச்சிகள் இறுதியில். பெயர்ச்சீட்டுக் கிழிந்த சுருளை நேர்காணல்களுக்கு அடுத்து வைத்திருக்கிறேன். ஹெட் நேரம் இன்று வரை 2 மணி 31 நிமிடம். மற்ற மூன்று ஹெட்களின் அலை உயரத்தை ஒவ்வொரு சுருளுக்குப் பின்னும் அளந்து, ஹெட் நேரத்தைக் குறித்துவரும் புதிய அட்டையிலேயே எழுதி வருகிறேன்.